நியூ ஜெர்சிக்கு வந்தாச்சா? கவர்னர் தேர்தலை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்

வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, கார் லைசென்ஸும் வாங்கி ஒருவழியாக மூச்சு விடும்போது, வீடுகளின் முன் புல்தரையில் வேட்பாளர் பெயர் எழுதிய குட்டிப் பலகைகள் முளைத்திருக்கும். தபால்பெட்டியைத் திறந்தால் வழவழப்பான அட்டைகள் கொட்டும். கவர்னர் தேர்தல் என்பார்கள். நமக்கு ஆளுநர் என்றால் கிண்டி மாளிகை, டெல்லி அனுப்பிவைக்கும் ஆள். இலங்கையிலும் மாகாண ஆளுநரை ஜனாதிபதிதான் நியமிக்கிறார். அவருக்கு எதற்குத் தேர்தல் என்று முதல் வருடம் நானும் கேட்டிருக்கிறேன்.

இங்கே கவர்னரை முதலமைச்சர் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு படி மேல் என்றும் சொல்லலாம். சட்டசபையில் பெரும்பான்மை இல்லாவிட்டாலும் நான்கு வருடம் நாற்காலி அவருடையதுதான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற பேச்சே கிடையாது. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரைப் பல மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூ ஜெர்சியில் அவரைக் கவர்னரே நியமிக்கிறார், மாநிலத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். பட்ஜெட்டில் பிடிக்காத ஒதுக்கீட்டை மட்டும் தனியாக வெட்டவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது, அவ்வளவுதான் கடிவாளம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, கிரீன் கார்டு வைத்திருப்பவர் யாருக்கும் கிடையாது. லைசென்ஸ் எடுக்கப் போகும்போதே வாக்காளர் பதிவையும் கேட்பார்கள். வரிசையில் நின்ற களைப்பில் "குடிமகன்" என்ற இடத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரிய சிக்கலாகும். நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். தெரியாமல் பதிவாகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். தேர்தல் நன்கொடையிலும் இதே கவனம் வேண்டும்: கிரீன் கார்டு வைத்திருப்பவர் கொடுக்கலாம், விசாவில் இருப்பவர் கொடுக்கக் கூடாது.

இனி தேர்தலுக்கு வருவோம். நம் ஊரில் யாருக்கு சீட் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். இங்கே அதற்கே ஒரு தேர்தல் உண்டு, ஜூன் மாதத்தில். அதுதான் பிரைமரி. நம்மவர்களில் குடியுரிமை வாங்கியவர்கள்கூட நவம்பரில் மட்டும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, "ரெண்டு பேரையும் பிடிக்கல" என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது ஜூனில். அப்போது நாம் கோடை விடுமுறைக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

சரி, இங்கே மட்டும் தலைவர்கள் கை ஓங்கவில்லையா? ஓங்கியிருந்தது. மாநிலத்தில் 21 கவுன்ட்டிகள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. அவற்றில் 19-இல் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. கவுன்ட்டிக் கட்சி ஆதரிக்கும் வேட்பாளர்கள் எல்லாரையும் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் பளிச்சென்று அடுக்குவார்கள். மற்றவர்கள் எங்கோ ஒரு மூலையில் கிடப்பார்கள். இதற்கு "லைன்" என்று பெயர். லைன் கிடைத்தவருக்குப் பாதி வெற்றி. 2024-இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவரை எதிர்த்து நின்ற டாமி மர்ஃபி, அப்போதைய கவர்னர் பில் மர்ஃபியின் மனைவி. பல கவுன்ட்டிகளின் லைன் அவர் கையில் இருந்தது. மார்ச்சில் அவர் விலகிக்கொண்டார். சில நாட்களிலேயே அந்த ஜனநாயகக் கட்சி பிரைமரியில் லைன் கூடாது என்று நீதிபதி ஜாஹித் குரைஷி உத்தரவிட்டார். 2025-இல் சட்டமும் மாறியது. இப்போது பதவிவாரியாக எல்லார் பெயரும் ஒரே கட்டத்துக்குள் வருகிறது.

அதனால்தான் 2025 கவர்னர் பிரைமரி அவ்வளவு கலகலப்பாக இருந்தது. ஜனநாயகக் கட்சியில் மட்டும் ஆறு பேர். நூவர்க் மேயர் ராஸ் பராக்கா, ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவன் ஃபுலோப் எல்லாம் அதில் அடக்கம். கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டிய மிக்கி ஷெரில் சுமார் 34 சதவீதம் வாங்கி வென்றார். பாதிகூட இல்லையே என்கிறீர்களா? தேவையில்லை. இங்கே இரண்டாம் சுற்று கிடையாது, முன்னால் நிற்பவர் ஜெயித்தார். குடியரசுக் கட்சியில் டிரம்ப் ஆதரவோடு ஜாக் சியாட்டரெல்லி சுலபமாக வென்றார்.

பிரைமரியில் வெல்பவர் பிறகு துணைக் கவர்னர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார். நவம்பரில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. 2025-இல் பிரசாரம் பெரிதும் மின்கட்டணத்தைச் சுற்றி ஓடியது. அந்தக் கோடையில் வந்த பில்லைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 4 அன்று ஷெரில் ஏறக்குறைய 14 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். நான்கு வருடம் முன்பு இதே சியாட்டரெல்லி மர்ஃபியிடம் சுமார் 3 புள்ளியில்தான் தோற்றிருந்தார்.

குடியுரிமை கையில் வந்ததும் செய்ய வேண்டியது இதுதான். தேர்தலுக்கு 21 நாள் முன்பே பதிவு செய்துவிடுங்கள். கட்சி எதுவும் குறிப்பிடாமல் பதிவு செய்திருந்தால், பிரைமரி அன்று வாக்குச்சாவடியிலேயே ஒரு கட்சியைச் சொல்லி ஓட்டுப் போடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்திருந்தால், வேறு கட்சிக்கு மாற, பிரைமரிக்கு 55 நாள் முன்பே படிவம் கொடுக்க வேண்டும். இதில் தவறவிடுபவர்கள் ஏராளம். தேர்தல் செவ்வாய்க்கிழமை வரும். பெரும்பாலான தனியார் அலுவலகங்களில் லீவு இருக்காது, ஆனால் சாவடி காலை 6 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். நவம்பர் தேர்தலுக்கு முன்பாக ஒன்பது நாட்கள் நேரில் ஓட்டுப் போடும் வசதியும் உண்டு, தபால் ஓட்டும் உண்டு. விரலில் மை வைக்க மாட்டார்கள். கையெழுத்துதான், அதனால் பதிவில் போட்ட அதே கையெழுத்தைப் போடுங்கள்.

மாதிரி வாக்குச்சீட்டு முன்கூட்டியே தபாலில் வரும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடாதீர்கள். கவர்னர் பெயருக்குக் கீழே சட்டசபை, கவுன்ட்டி, பெரும்பாலான ஊர்களில் பள்ளி வாரியம் வரை எல்லாம் அதில் இருக்கும். உங்கள் சொத்து வரியில் பெரும்பகுதி பள்ளிகளுக்குத்தான் போகிறது, ஆகவே கடைசி வரி வரைக்கும் படியுங்கள். கவர்னருக்கு அடுத்த போட்டி 2029-இல். பள்ளி வாரியத்துக்கு வருடா வருடம்.