சந்தேக வரிகளுக்குத் தனிக்கோப்பு

பல கிளைகளிலிருந்து தினமும் வரும் சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகள்) ஒன்றாகச் சேர்க்கும் வேலையை ஒரு பைதான் நிரலிடம் விட்டிருந்தேன். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் கணக்கு இடிக்கும்.

கோப்பைத் திறந்து பார்த்தால், 00127 என்ற பொருள் குறியீடு 127 ஆகியிருந்தது. நிரல் பயன்படுத்தும் பாண்டாஸ் என்ற தரவு நூலகம் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சுழியங்களை விழுங்கிவிட்டது. இது சுலபம்: அந்த நெடுவரிசையை எழுத்தாகவே படிக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது.

தேதிதான் படுத்தியது. 03/04/2024 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? சில கிளைகள் நாளை முதலில் எழுதும், சில மாதத்தை. 25/04 என்றால் குழப்பமில்லை. இரண்டு எண்ணும் 12-க்குள் இருந்தால் எந்த நிரலும் ஊகிக்கத்தான் வேண்டும். பாண்டாஸ் வழக்கமாக மாதத்தை முதலில் வைத்துப் படித்துவிடும், சத்தமே இல்லாமல்.

அதனால் ஊகிக்கும் வேலையை நிரலிடமிருந்து பிடுங்கிவிட்டேன். இரண்டும் 12-க்குள் இருந்து, ஒன்றுக்கொன்று வேறாகவும் இருந்தால், அந்த வரி தனிக்கோப்புக்குப் போகும். காலையில் நான் பார்த்து, தேவைப்பட்டால் கிளைக்கு போன் போட்டுக் கேட்டு முடிவு செய்வேன். முழுத் தானியக்கம் என்று பெருமையடிக்க முடியாது, போகட்டும்.

அப்புறம், தேதியை 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில், அதாவது ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவில் அனுப்பும்படி எல்லாக் கிளைகளிடமும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானோர் மாறிவிட்டார்கள்.