வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு வாயுச் சோதனை

'கார்பன் டை ஆக்சைடு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும்.' பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த வரி இது. ஆனால், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. திருப்பாதிரிப்புலியூரில் வெற்றிலை பாக்குக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்பே இதற்குப் போதும். நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாகக் கேட்டு வாங்குங்கள். நீற்றாத சுண்ணாம்புக் கல் வேண்டவே வேண்டாம்; தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும்.

முதல் நாள் மாலை, ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்பைப் போட்டு, கழுத்துவரை குடிநீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். வெந்நீரில் கூடுதலாகக் கரையும் என்று நினைத்து நான் ஒருமுறை சூடாக்கிப் பார்த்தேன். அது தவறு. சுண்ணாம்பு குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும். அதுவும் லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவுதான். மீதி அடியில் தங்கும். இரவு முழுவதும் அசைக்காமல் வைத்துவிடுங்கள்.

காலையில் மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும் காபி வடிகட்டும் தாளில் வடித்து, உடனே மூடிவையுங்கள். திறந்து வைத்தால் சற்று நேரத்தில் பாலாடைபோல் மெல்லிய ஏடு படரும். குச்சியால் தொட்டால் சில்லுசில்லாக உடையும். காற்றில் இருக்கும் சொற்பக் கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலை அது.

இனி சோதனை. கண்ணாடி டம்ளரில் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சுண்ணாம்பு நீர் எடுத்து, ஸ்ட்ரா வழியாக மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சக் கூடாது. பிள்ளைகள் செய்தால் பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருப்பதால், சிறிது நேரத்திலேயே நீர் மங்கி வெளுக்கும். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் தாளை வைத்தால் அந்தக் கணம் நன்றாகத் தெரியும்.

நிறுத்தாமல் ஊதினால் வெண்மை மெல்ல மறைந்து நீர் மறுபடி தெளியும். பலர் சோதனை கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடும் இடம் இதுதான். கெடவில்லை. வெண்மையாகத் தெரிந்த, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட், மேலும் வந்த வாயுவோடும் நீரோடும் சேர்ந்து கரையும் பைகார்பனேட்டாகிவிட்டது. அதைக் கொதிக்கவைத்தால் வெண்மை திரும்ப வரும். கடின நீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும் இப்படித்தான்.

ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் எதுவும் இந்த நீரை மாற்றாது. கந்தகம் எரியும்போது வரும் சல்பர் டை ஆக்சைடு மட்டும் இதேபோல் வெளுக்கச் செய்யும். மூக்கைத் துளைக்கும் நெடி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய வெறும் கிளிஞ்சல்களைக் கழுவிப் பொடித்து, குறுகிய வாய் பாட்டிலில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரைத்து வரும் வாயுவை, மூடியில் துளையிட்டுச் செருகிய மீன்தொட்டிக் குழாய் வழியாகப் புதிய சுண்ணாம்பு நீருக்குள் விடுங்கள். நுரை குழாயில் ஏறக் கூடாது. வினிகர் கலந்தால் வெண்மை கரைந்துவிடும். சற்றுப் பொறுத்தால் டம்ளரின் அடியில் வெள்ளை மாவாக ஒன்று படியும். அந்தக் கிளிஞ்சல் எதனால் ஆனதோ, அதே கால்சியம் கார்பனேட்தான் அது.