நச்சுணவு: "சூடு காட்டினால் சரியாகிவிடும்" என்று நம்ப வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிற வீடுகளில் இரவே சோறு வடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பானை இரவெல்லாம் அடுப்பு மேலேயே இருக்கும். விடியற்காலை முட்டை உடைத்து ஊற்றிச் சோற்றை வறுத்து நாசி கோரேங் செய்து, எங்களுக்கும் பள்ளிக்குக் கட்டிக் கொடுப்பார் அம்மா. "நல்லா சூடா வறுத்தா ஒன்னும் செய்யாது" என்பார். ஒரு நாள் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் தம்பி விடாமல் வாந்தி எடுத்தான். பழி பள்ளி வாசலில் ஐஸ் விற்றவர் மேல் விழுந்தது. சோற்றை யாரும் சந்தேகப்படவில்லை.

இன்று நினைத்தால் சோறுதான் என்று தோன்றுகிறது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிக்கும் உலையிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். மறுபடி வறுத்தால் கிருமி சாகலாம். அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். கையில் புண்ணோடு பிசைந்த உணவில் சேரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சும் இப்படிச் சூட்டுக்கு அசையாது.

கிருமி வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. நம் ஊர் வெக்கை அதற்கு வாகானது. அதனால் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு ஐஸ் பெட்டியில் மூடி வையுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

பார்த்து, முகர்ந்து, ருசித்துச் சாப்பிடச் சொல்கிறது சுகாதார அமைச்சு. சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றிய கறி புளித்திருந்தால் மூக்கு சொல்லிவிடும். நஞ்சேறிய சோறோ வாசனை மாறாமலே இருக்கும், அதனால் மூக்கை மட்டும் நம்ப முடியாது.

கல்யாண விருந்து, கோயில் அன்னதானம் என்றால் எனக்கு இன்னும் பயம். 2013-இல் கெடா மாநிலத்தின் யான் வட்டாரத்தில் ஒரு கல்யாணத்தில் ஆயாம் மாசாக் மேரா என்ற கோழிக் கறியைச் சாப்பிட்டு நான்கு பேர் இறந்தார்கள், காரணம் சால்மொனெல்லா என்ற கிருமி. கோழியைக் குழாயடியில் அலசினால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதும் தவறு. சால்மொனெல்லா வேலையைக் காட்ட ஆறு மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். கடைசியாகச் சாப்பிட்ட ரொட்டி சானாயைத் திட்டுமுன் முந்தாநாள் விருந்தையும் நினைத்துப் பாருங்கள்.

வைத்தியத்தில் பெரிய தவறு தண்ணீரை நிறுத்துவது. "குடிச்சா மறுபடி எடுப்பான்" என்று பிள்ளையைக் காயப்போடுகிறார்கள். நச்சுணவில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் நீர் வற்றுவதுதான். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாக உப்பு-சீனிக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. உப்பைக் கூட்டவே கூடாது, குழந்தைக்கு ஆபத்து. கேன் பானங்களின் அதிகச் சீனி வயிற்றுப்போக்கைக் கூட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பசித்தால் கஞ்சி கொடுக்கலாம்.

வயிற்றுப்போக்கை அடக்கும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கையும் எடுத்து விழுங்காதீர்கள்.

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, குடித்ததெல்லாம் வெளியே வருகிறது என்றால் உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். கைக்குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர் என்றால் இவை எதற்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்).

விருந்து வைத்த வீட்டுக்குக் கெட்ட பெயர் வருமே என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி நச்சுணவைச் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், வேறு யார் சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். மீந்த கறியையும் கொட்டாமல், யாரும் எடுத்துச் சாப்பிடாதபடி கட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். சோதனைக்குக் கேட்டால் கொடுக்கலாம்.