பெண்களுக்கான மீட்சித் திட்டம் எழுதப் போகிறீர்களா? முதலில் அவளுடைய ஒரு கிழமையைக் கேளுங்கள்

கொழும்பு ஏழில் ஏசி அறைக்குள் இருந்துகொண்டு முல்லைத்தீவுக்குத் திட்டம் எழுதுகிற வேலையை நானும் பல வருடம் செய்தவள்தான், அதனால் இது யாரையும் குத்திக்காட்ட அல்ல (கொஞ்சம் குத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்). புதிதாக ஏதோ ஓர் அமைப்பில் சேர்ந்து, போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான திட்டம் ஒன்றைக் கையில் தந்து, "இதைக் கொஞ்சம் திருத்தி டோனருக்கு (காசு தருகிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு) அனுப்புங்கோ" என்று சொல்லப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

தாளுக்கு நமக்குக் குறைவில்லை. பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் 2000இல் வந்தது, அதையொட்டிய இலங்கையின் முதலாவது தேசியச் செயற்றிட்டம் 2023 முதல் 2027 வரைக்கும் போட்டிருக்கிறது, இரண்டிலும் உள்ளவை நல்ல சொற்கள்தான். திட்டம் படுத்துவிடுவது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒருமுறை பெண் தலைமைத்துவம் பற்றி இரண்டு நாள் பயிற்சி வைத்தோம். பொது மண்டபம், கடன்வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள், கொழும்பில் இருந்து கூட்டிப்போன வளவாளர். பத்தரைக்குப் பிளேன்டீயும் பணிசும் வந்தது, அது முடிந்த கையோடு முன்வரிசையில் இருந்த நான்கு பேர் எழும்பிப் போனார்கள். ஆர்வமில்லையாக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அக்காதான் சொன்னார், "மிஸ், இண்டைக்குச் செவ்வாய். லோன்காரர் வாற நாள்." குழுக்கடன். ஐந்து பேர் சேர்ந்து எடுத்தது, ஒருத்தி கட்டாவிட்டால் அவளுடைய தவணை மற்ற நான்கு பேரின் தலையில். நாங்கள் உள்ளே தலைமைத்துவத்துக்கு வரைவிலக்கணம் எழுதிக்கொண்டிருந்த நேரம், அவர்கள் வெளியே மாமரத்தடியில் நின்று, வராமல் போன ஐந்தாவது ஆளின் காசை எப்படிச் சமாளிப்பது என்று முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே முதல் வேலை இது. ஒரு தாளில் ஏழு கோடு போடுங்கள், திங்கள் தொடக்கம் ஞாயிறு வரை. ஊருக்குப் போய் மூன்று நான்கு வீடுகளில் ஆறுதலாக இருந்து, அவர்கள் சொல்லச் சொல்ல அதை நிரப்புங்கள். நாட்கூலிக்குப் போகிற நாள், கடன் கட்டுகிற நாள், ஜி.எஸ். (கிராம சேவகர்) கந்தோரில் இருக்கிற நாள், கிளினிக், பிள்ளைக்கு டியூஷன், குடிதண்ணீர் எடுக்கிற நேரம், கடைசி பஸ். எல்லா வீடும் ஒரே மாதிரி வீடாக இருந்தால் பிரயோசனமில்லை. கணவனை இழந்தவர் ஒருவர், கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர் ஒருவர், இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தவர் ஒருவர், கணவன் வீட்டிலேயே இருந்தும் காயத்தாலோ குடியாலோ உழைக்காத வீட்டில் ஒருவர் என்று பார்த்துப் போங்கள். இந்தக் கடைசி ஆள் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற பட்டியலில் வரவே மாட்டார், ஆனால் அடுப்பு எரிவது அவரால்தான். ஃப்ளிப்சார்ட்டை வாகனத்திலேயே விட்டுவிடுங்கள்.

இந்த ஏழு கோடு நிரம்பினால் உங்கள் பட்ஜெட்டில் பாதி தானாக மாறும். ஒன்பது மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிற பயிற்சி ஒன்றரை மணித்தியாலமாகக் குறுகி, பள்ளிக்கூடம் விடுவதற்கு முன் முடியும். பிள்ளை பார்க்க ஓர் ஆளுக்கு நாட்சம்பளம் என்று ஒரு வரி வரும். டோனர் இதற்கு மறுப்பார் என்று மேலதிகாரி சொல்வார். நான் எழுதிக் கேட்ட இடங்களில் அநேகமாகக் கிடைத்தது, நாங்கள் கேட்காமலே இருந்துவிட்டதுதான் நடந்திருக்கிறது.

கடனை முதலில் விசாரியுங்கள், பிறகு தையல் மெசின்

கோழி, ஆடு, தையல் மெசின். 2009க்குப் பிறகு வன்னிக்குப் போன வாழ்வாதார உதவியில் எவ்வளவு இந்த மூன்றுக்குள் அடங்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மெசின் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் செய்யலாம். ஒன்று, அந்த ஒழுங்கையில் ஏற்கெனவே எத்தனை மெசின் இருக்கிறது என்று எண்ணுவது. மற்றது, அலுவலகத்தில் இருந்து அரைமணித்தியாலத்தில் போய்விடக்கூடிய புறக்கோட்டையில் பிள்ளைச் சட்டை மொத்தமாக என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, துணி, நூல், கரண்ட், கூலி எல்லாம் போட்டு அதே சட்டையை ஊரில் தைத்தால் என்ன வரும் என்று கணக்குப் பார்ப்பது. கணக்கு உதைத்தால் மெசினை விடுங்கள். பள்ளிச் சீருடைக்கோ, சாரி பிளவுஸுக்கோ ஊரிலேயே வாங்க ஆள் இருக்கலாம், அதை அங்கே உள்ளவர்கள்தான் சொல்வார்கள்.

கடன் விஷயம் இதைவிடப் பெரியது. போர் முடிந்த கையோடு வடக்கு கிழக்குக்குள் வந்த நுண்கடன் கம்பனிகள் பெண்களைத்தான் தேடிப்போய்க் கொடுத்தன. அவற்றை ஒழுங்குபடுத்துகிற நுண்நிதிச் சட்டம் 2016இல்தான் வந்தது. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு வருடத்துக்கு 35 வீதம் என்று எல்லை போட்டது. அந்த எல்லையே இவ்வளவு என்றால் அதற்கு முன் எங்கே நின்றிருக்கும் என்று பாருங்கள். நீங்கள் கொடுக்கிற ஐம்பதாயிரம் அடுத்த செவ்வாயே கடனுக்குப் போகும். அது மோசடி இல்லை, அவளுடைய இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். எனவே கடனை மறைக்க வேண்டிய நிலைக்கு அவளைத் தள்ளாமல், உதவியின் ஒரு பங்கு கடனை இறக்கப் போகலாம் என்று திட்டத்திலேயே எழுதுங்கள். ஊரில் ஓடுகிற சீட்டையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதியையும் விசாரியுங்கள். கணக்குக் கொப்பி ஒழுங்காக இருக்கிற ஒரு சங்கம் கிடைத்தால் காசை அதற்குள் போடுவது நல்லது.

பத்திரங்கள்

ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் கணவனின் லெமினேட் செய்த படம், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் சீட்டு, மனித உரிமை ஆணைக்குழுவின் கடிதம், மடிப்பு விழுந்த இடத்தில் எல்லாம் செலோடேப். வடக்கில் வேலை செய்த யாரும் இந்தப் பையைப் பார்த்திருப்பார்கள். அதை உங்களுக்காகத் திறக்கச் சொல்லாதீர்கள். 2010இல் போரைப் பற்றி விசாரித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் பற்றிய பரணகம ஆணைக்குழு, 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி, 2018 முதல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று இத்தனை பேரின் முன்னால் அந்தப் பை திறந்து மூடியாகிவிட்டது. உங்களுடைய 'தேவை மதிப்பீடு' ஐந்தாவதாகவோ பத்தாவதாகவோ இருக்கும். என்ன நடந்தது என்று கேட்கத் தேவையில்லை. எந்தக் கடதாசி இன்னும் கிடைக்கவில்லை, எந்தக் கந்தோரில் நிற்கிறது என்று கேளுங்கள், அதற்கு உங்களால் ஏதாவது செய்ய முடியும்.

உதாரணமாகக் காணாமற்போனமைச் சான்றிதழ். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கணவன் இறந்துவிட்டான் என்று எழுதிக்கொடுக்காமலே இதை எடுக்கலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத பெண்ணுக்கு இது பெரிய விஷயம், வேறு சிலர் இதையும் வேண்டாம் என்கிறார்கள், அதுவும் அவர்களுடைய முடிவு. 2022இல் காணாமற்போனவரின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தபோது, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த அம்மாமார் அதை மறுத்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கு அட்டவணையில் 'இத்தனை பேருக்குச் சான்றிதழ்' என்று எண் போட்டால், களத்தில் நிற்கிற பிள்ளை அந்த எண்ணுக்காகத் தாய்மாரை நெருக்கத் தொடங்குவாள்.

பிறகு காணி. தேசவழமைக்கு (வடமாகாணத் தமிழருக்கான வழமைச் சட்டம்) உட்பட்ட, திருமணமான பெண் தனக்குச் சீதனமாக வந்த காணியையே விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கணவன் எங்கே என்று தெரியாதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அதற்குச் சட்டத்தரணி, பஸ் காசு, போகிற நாளில் இழக்கிற கூலி. 'சட்ட விழிப்புணர்வு' என்று நோட்டீஸ் அடிக்க வைத்திருக்கிற காசை இதற்கு மாற்றுங்கள். மட்டக்களப்புக்கு தேசவழமை பொருந்தாது, ஆகவே வடக்குத் திட்டத்தை ஊர்ப்பெயர் மாற்றிக் கிழக்குக்கு அனுப்பாதீர்கள் (அனுப்பியிருக்கிறோம்). அரச உறுதிப் பத்திரக் காணிகளுக்கு வேறு கதை: அங்கே வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022இல்தான் சட்டத்தில் இருந்து நீங்கியது, அது பல பெண்களுக்குத் தெரியாது.

வரவுப் பதிவுத் தாள் பற்றி ஒரு வார்த்தை. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன், கையொப்பம் என்று நான்கு நிரல். கூட்டம் முடிந்த அடுத்த நாள் யார் யார் வந்தது என்று விசாரித்து ஆள் வருகிற ஊரில், அந்தத் தாளை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதா? அடையாள அட்டை நிரலை எடுத்துவிடுங்கள். கணக்காய்வுக்கு வேண்டுமென்றால் போக்குவரத்துக் காசு கொடுத்த பற்றுச்சீட்டு போதும், அதுவும் பூட்டிய இடத்தில். படம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள், முதுகுப் பக்கம் எடுத்தாலும் கேளுங்கள்.

கைகோர்த்த படம்

வடக்கில் இருந்து இருபது பேர், தெற்கில் இருந்து இருபது பேர், கொழும்பு ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு, புஃபே, கடைசியில் கைகோர்த்து ஒரு படம். இதை முழுக்கப் பிரயோசனமில்லை என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இரவில் அறைகளில் நடக்கிற கதை சிலவேளை நன்றாக இருக்கும். ஆனால் 'சமாதானம்' என்ற தலைப்பில் கூட்டி வைத்தால் எல்லோரும் நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். இருவருக்கும் ஒரே நோவு இருக்கிற இடத்தில் கூட்டுங்கள். 2021இல் பொலனறுவை மாவட்டத்தில் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கிளிநொச்சிப் பெண்ணுக்கும் அவர்களுக்கும் பேச விஷயம் தேடிக் கொடுக்கத் தேவையில்லை, லோன்காரன் எந்த நேரம் வாசலில் நிற்பான் என்பதிலேயே தொடங்கிவிடும். படைவீரரை இழந்த குடும்பத்துப் பெண்கள், 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து இப்போது திரும்ப முயல்கிற முஸ்லிம் பெண்கள் எல்லோருக்கும் காணி, கடதாசி, கடன் என்று பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இரண்டு பேர் போடுங்கள். ஒருவரை வைத்து ஓட்டினால் பின்னேரம் மூன்று மணிக்கு அவர் களைத்துவிடுவார். ஓர் அம்மா ஐந்து நிமிடம் சொன்னதை, "இவங்க ரொம்பக் கவலையில இருக்காங்களாம்" என்று ஒரே வரியில் சிங்களத்தில் சொல்லி முடித்ததை நான் பார்த்தேன். அந்த அம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

கேள்விக்கொத்துக்கும் இதே கவனம். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்து வருகிற 'மீண்டெழும் தன்மை', 'வலுவூட்டல்' எல்லாவற்றையும் வெள்ளவத்தையில் இருக்கிற உங்கள் சொந்த மாமியிடம் வாசித்துக் காட்டுங்கள். மாமி முழித்தால் திருப்பி எழுதுங்கள்.

கடைசியாக, முடிக்கிற விதம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல திட்டங்கள் ஒரே கிழமையில் நின்றன, களத்தில் இருந்தவர்கள் ஊருக்குச் சொல்லாமலே காணாமல் போக வேண்டி வந்தது. உங்கள் திட்டத்துக்கும் அப்படி ஒரு நாள் வரலாம் என்று முதல் மாதமே நினைத்துக்கொண்டு, யாருடைய கோப்பு எங்கே நிற்கிறது என்ற பட்டியலைச் சங்கத்திடமும், சம்மதித்தவர்களின் விபரத்தைப் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொடுங்கள். திட்டம் முடிந்த பிறகும் அதன் போன் இலக்கம் ஒரு வருடமாவது வேலைசெய்ய வேண்டும், ரீலோட் காசைப் பட்ஜெட்டில் போடுங்கள், சிம்மை யார் வைத்திருப்பது என்று கையளிப்புக் கடிதத்தில் எழுதுங்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று அழைப்பு இன்னும் வரும், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலையில்.