கூரைச் சூரிய மின்சாரத்துக்குப் பெரிய பேட்டரி தேவையா?

தமிழ்நாட்டில் நெட் மீட்டரிங் முறையில் கூரைச் சோலார் அமைத்திருக்கும் வீடுகளில், பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கட்டமைப்புக்குச் சென்று, இரவில் நாம் எடுக்கும் யூனிட்டுகளில் கழிக்கப்படுவதால், கட்டணத்தைக் குறைப்பதற்கென்றே பெரிய பேட்டரி வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. பேட்டரியில் ஏற்றி இறக்கும்போதே ஏறத்தாழ 10 சதவீத மின்சாரம் இழப்பாகிவிடுகிறது.

ஆனால், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (மின்வாரியக் கட்டமைப்புடன் இணைந்தே இயங்கும் வகை), கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக, மின்தடையின்போது நல்ல வெயில் இருந்தாலும் தானாகவே நின்றுவிடும். ஆகவே, மின்தடை மிகுந்த ஊர்களில், மின்விசிறிக்கும் விளக்குகளுக்கும் மட்டும் போதுமான சிறிய லித்தியம் பேட்டரியை, பேனல், பேட்டரி, மின்வாரியக் கட்டமைப்பு மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டருடன் இணைத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தை, மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாதவாறு பேனல்களை உயர்த்தி அமைப்பதற்குச் செலவிடுங்கள். தொடராக இணைக்கப்பட்ட பேனல்களில் ஒன்றின்மீது விழும் நிழல்கூட, மற்றவற்றின் உற்பத்தியையும் சேர்த்துக் குறைத்துவிடக்கூடும்.