கிறிஸ்துமஸ் பீரை ஃபிரிட்ஜிலிருந்து அரைமணி நேரம் முன்னாலேயே எடுத்து வையுங்கள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேலையில் இருப்பவர்களுக்கு டிசம்பரில் ஒரு வசதி உண்டு. பையரைப் பார்க்க ஐரோப்பா போன யாராவது ஒருத்தர், திரும்பி வரும்போது பெட்டிக்குள் சாம்பிள் டி-ஷர்ட்டில் சுற்றி இரண்டு மூன்று பாட்டில் கொண்டு வந்துவிடுவார். அப்படி வந்த ஒன்றைத்தான் சில வருஷங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் நண்பன் வீட்டு கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டில் திறந்தோம். பெல்ஜியம் பீர், கறுப்பு, 10 சதவீதம் ஆல்கஹால். நாங்கள் செய்த முதல் வேலை அதை ஃபிரீசரில் ஒரு மணி நேரம் போட்டது, இரண்டாவது வேலை பள்ளிபாளையம் சிக்கனைக் கடித்துக்கொண்டே மடக் மடக்கென்று இறக்கியது. ருசி என்று எதுவும் தெரியவில்லை, காரம் மட்டும் காது வரைக்கும் ஏறியது. நண்பனுடைய அம்மா பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இருமல் மருந்தா அது, மூஞ்சிய இப்படிச் சுளிக்கறீங்க?” என்றார்.

பாதி பாட்டிலை மேஜையிலேயே மறந்துவிட்டோம். சாயங்காலம் பிளம் கேக் வந்தபோது, வீணாக்க வேண்டாமே என்று மிச்சத்தை ஊற்றினால், அதே பீர்தான், உலர்ந்த திராட்சையும் கருப்பட்டியும் கொஞ்சம் கிராம்பும் கலந்த வாசனை வந்தது. கேஸ் போயிருந்தும் நன்றாக இருந்தது. ஆக, தப்பு பீரில் இல்லை, குடித்த விதத்தில்.

நம் ஊரில் பீர் என்றாலே வெயிலுக்குக் குடிப்பது, கூலிங் இல்லாவிட்டால் கடைக்காரரோடு சண்டை. குளிர் நாட்டில் டிசம்பர் பீர் நேர் எதிர். உடம்பைக் குளிர வைக்க அல்ல, கதகதப்பாக உட்கார்ந்து மெதுவாகக் குடிக்க. அதனால் மால்ட் அதிகம் (முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட்), நிறம் அடர்த்தி, போதையும் கூட. சிலர் பட்டை, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் சேர்ப்பார்கள். ஒன்றும் சேர்க்காமல் ஈஸ்ட்டிலிருந்தே மசாலா வாசனை வருவதும் உண்டு. நார்வேயில் பழைய குலாத்திங் சட்டம், குடியானவர்கள் கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சியே ஆகவேண்டும் என்றது. மூன்று வருஷம் காய்ச்சாமல் விட்டால் நிலமே போய்விடும். நம் பக்கம் பொங்கல் வைக்காதவன் தோட்டத்தைப் பிடுங்கினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

சரி, எதை வாங்குவது? முதல் தடவை என்றால் பெல்ஜியத்தில் ஆரம்பியுங்கள். செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல் 10 சதவீதம், டெலீரியம் நோயல் அதுவும் 10. இரண்டிலும் இனிப்பும் பழ வாசனையும் தூக்கல், கசப்பு குறைவு, நம் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். ஜெர்மனிக்குப் போகிறவரிடம் டாப்பல்பாக் என்ற கனமான பீர் வகையைச் சொல்லிவிடுங்கள். பெயர் பெரும்பாலும் “ஆட்டர்” என்று முடியும், சால்வேட்டர், செலிபிரேட்டர் என்று. வறுத்த ரொட்டி மாதிரி ருசி, மசாலா கிடையாது. ஆஸ்திரியாவின் சாமிக்ளாஸ் வருஷத்துக்கு ஒரே நாள், புனித நிக்கோலஸ் நாளான டிசம்பர் 6 அன்று மட்டும் காய்ச்சுவது, மாதக்கணக்கில் ஊறவிட்டு அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் வெளியே வரும், 14 சதவீதம். அதை முதல் பாட்டிலாக எடுக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது வந்தால் சியரா நெவாடாவின் செலிபிரேஷன் கிடைக்கும். 1981 முதல் வருகிறது, ஆனால் அது ஹாப்ஸ் பூவின் கசப்புக்காகக் குடிப்பது, இனிப்பை எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். இந்தக் கசப்பு வகையைப் புதிதாகவே முடித்துவிட வேண்டும். கறுப்பு, கனமான வகையோ அடுத்த கிறிஸ்துமஸ் வரை இருட்டில் கிடந்தாலும் கெடாது, சிலது இன்னும் நன்றாகவே ஆகும். பச்சைக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி பாட்டிலை மட்டும் வெளிச்சத்தில் விடாதீர்கள். ஹாப்ஸில் வெயில் பட்டால் ஒரு நாற்றம் வரும், அதற்கு மருந்தில்லை.

கொண்டு வருவதில் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர். 330 மில்லி பாட்டில் ஆறு வைத்தால் 1.98 லிட்டர், கச்சிதம். செக்-இன் பெட்டியில்தான் போடவேண்டும், ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி நடுவில்.

ஆள் கிடைக்காதவர்களுக்குப் பெங்களூரு இருக்கிறது. தமிழ்நாட்டில் அங்கேயே காய்ச்சிக் கொடுக்கும் பப் கிடையாது, பெங்களூருவில் டாயிட், ஆர்பர், விண்ட்மில்ஸ் என்று நிறைய. டிசம்பரில் போனால் மெனுவைப் பார்க்காமல், இந்த மாதத்துக்கென்று தனியாக என்ன போட்டிருக்கிறீர்கள், கறுப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள், முழு கிளாஸ் சொல்வதற்கு முன் கொஞ்சம் ருசி பார்க்கத் தரச் சொல்லுங்கள். அங்கேயே குடித்துவிட்டு, ரூம் போட்டுத் தூங்கி, மறுநாள் கிளம்புங்கள். பாட்டிலை வண்டியில் போட்டுக்கொண்டு திம்பம் இறங்கி பண்ணாரி செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள், வெளிமாநிலச் சரக்கு இங்கே வழக்காகிவிடும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே பீர் காய்ச்சலாம் என்று நினைப்பவர்களுக்கும் அதே பதில்தான். 21 வயது ஆகாத தம்பிகள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போகலாம்.

இனி ஊற்றுவது. பாட்டிலை முதல் நாளே ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம், ஏனென்றால் பெல்ஜியம் பாட்டில் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி என்றால் நமக்கு வேண்டியது 10, 12 டிகிரி. நம் ஊர் டிசம்பர் ராத்திரியில் வெளியே அரைமணி நேரம் நின்றால் போதும், மதியம் என்றால் இருபது நிமிஷம். பாட்டிலைத் தொட்டால் சில்லென்று இருக்கவேண்டும், விரல் வலிக்கக் கூடாது, என் தெர்மாமீட்டர் அவ்வளவுதான். கிளாஸ் வாய் அகலமாக, வயிறு உருண்டையாக இருந்தால் வாசனை நிற்கும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறமும் தெரியாது நுரையும் தெரியாது. முக்கியமாக, முந்தின நாள் மோர் குடித்த டம்ளரைச் சும்மா அலசிவிட்டு எடுத்து வராதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் நுரை நிமிஷத்தில் செத்துவிடும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக ஊற்றி, முக்கால் வந்ததும் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை கட்டவிட்டு, அடியில் கலங்கலாக வரும்போது நிறுத்திவிடுங்கள். அந்த வண்டலைக் குடித்தால் ஒன்றும் ஆகாது, சிலருக்கு வயிறு பொருமும்.

அளவில்தான் நம் ஆட்கள் ஏமாறுவது. பாட்டில் சின்னதாக இருக்கிறதே என்று ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். 330 மில்லியில் 10 சதவீதம் என்றால் 33 மில்லி ஆல்கஹால், அதாவது 5 சதவீத பெரிய பீர் ஒன்று முழுசாக. 14 சதவீதம் என்றால் 46 மில்லி, விஸ்கியில் சொன்னால் குவார்ட்டரில் பாதிக்கு மேல். ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், மூன்று பேரும் வண்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன? பள்ளிபாளையம் சிக்கன் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் வரமிளகாய்க் காரத்தை ஆல்கஹாலும் கேஸும் சேர்ந்து இன்னும் கிளப்பிவிடும், கசப்பு பீர் என்றால் கேட்கவே வேண்டாம். மிளகு தூக்கலான மட்டன் வறுவல், பிரியாணி என்றால் டாப்பல்பாக் தாங்கும். பெல்ஜியம் கறுப்புக்கு பிளம் கேக், அதைவிட நம் வீட்டுக் கச்சாயம். வெல்லப் பாகில் செய்து எண்ணெயில் பொரித்ததும் மால்ட் வாசனையும் ஒரே குடும்பம். ஊட்டி வர்க்கியும் பரவாயில்லை.

குடிக்காதவர்கள் கையில் வெறும் பெப்சி கொடுத்து உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது. 100 கிராம் கருப்பட்டியை 200 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அதில் நசுக்கிய இஞ்சி 50 கிராம், பட்டை ஒரு துண்டு, கிராம்பு நாலு போட்டு, பத்து நிமிஷம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் மறுபடி வடிகட்டுங்கள். கிளாஸில் ஒரு பங்குக்கு நாலு பங்கு சில்லென்ற சோடா, பாதி எலுமிச்சை. சோடாவைக் கடைசியில், கிளாஸ் ஓரமாக ஊற்றினால் பழுப்பு நுரை கட்டும், தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு பீரேதான். நண்பனுடைய அம்மா போன வருஷம் இதைத்தான் இரண்டு கிளாஸ் குடித்தார், மூஞ்சியைச் சுளிக்கவில்லை.