ஷாமன் செய்த வேலைக்கு இன்று மேற்கில் எந்தப் படிப்பு?

ஆவிகளோடு பேசி ஊருக்காகச் சடங்கு செய்பவர் ஷாமன். அவருக்கு இணையான மேற்கத்தியத் தொழில் எது என்று கேட்டால், மனநல மருத்துவர் என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். அது கால்வாசிதான் சரி. சைபீரியாவிலும் ஆர்க்டிக்கிலும் ஷாமன் நோய் பார்த்தார், வேட்டைக்குக் குறி சொன்னார், இறந்தவரின் ஆன்மாவை வழியனுப்பினார், ஊர் மூடி மறைத்ததை வெளியே கொண்டுவந்தார். இன்று இவை தனித்தனித் தொழில்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் வேலை கிடையாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் போதும். அறையில் யார் யார் இருப்பார்கள்? வேலை முடிந்தது என்பதற்கு எது அடையாளம்?

அமூர் ஆற்றங்கரை நானாய் மக்களின் ஷாமனுக்கு, இறந்தவரை ‘பூனி’ என்ற மறுவுலகில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் வேலை முடிந்த கணக்கு. இந்தப் பக்கம் மனம் போகிறவர்களுக்கு ஏற்றது மருத்துவமனைச் சாப்ளெய்ன் வேலை: நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆன்மிகத் துணையாக நிற்பது. ஆர்க்டிக்கின் இனுவிட் மக்களின் ஷாமனான ‘அங்கக்குக்’கின் சடங்கு வேறு மாதிரி. வேட்டை பொய்த்தால் அவர் கடலடித் தாயிடம் போய், மனிதர்கள் விலக்குகளை மீறியதால் அழுக்கேறிய அவள் கூந்தலை வாரிவிட்டுத் திரும்புவார். பிறகு கூடியிருப்பவர்கள் தாங்கள் மீறியதை ஒவ்வொருவராக ஒப்புக்கொள்வார்கள். 1921–24 பயணத்தில் ஆர்க்டிக் ஆய்வாளர் க்னுட் ராஸ்முசன் இதைப் பதிவு செய்தார். இங்கே ஊரே அறையில் இருக்கிறது. நோயாளியும் மருத்துவரும் மட்டும் உட்காரும் உளப்பகுப்பாய்வில் அது இல்லை. மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1949-இல் ஷாமன் சிகிச்சையையும் உளப்பகுப்பாய்வையும் ஒப்பிட்டபோதே முக்கிய வேறுபாட்டைச் சொன்னார்: அங்கே பேசுபவர் ஷாமன், இங்கே பேசுபவர் நோயாளி.

அமெரிக்காவில் சாப்ளெய்ன் சான்றிதழ் பெறும் வழக்கமான பாதை நீளமானது. 72 கிரெடிட் அளவுக்கு முதுநிலை இறையியல் அல்லது அதற்கு இணையான படிப்பு. பிறகு சி.பி.இ. என்ற மருத்துவமனைப் பயிற்சி, நான்கு யூனிட். ஒரு யூனிட் குறைந்தது 400 மணி நேரம். அதில் 100 மணி நேரமாவது வகுப்பும் குழு உரையாடலும். அதன்பின் 2,000 மணி நேரப் பணி, கடைசியாகச் சான்றளிக்கும் குழுவின் முன் நேர்காணல். ஒற்றை யூனிட்டுக்குப் பெரும்பாலும் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ரெசிடென்சி எனப்படும் ஓராண்டு முழுநேரப் பயிற்சியில் உதவித்தொகை உண்டு, யூனிட்களும் சேர்ந்து முடியும். வசதிப்படுபவர்கள் அதற்கே விண்ணப்பிக்கலாம்.

கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சமயத்தையோ கொள்கையையோ சார்ந்த ஓர் அமைப்பின் ஒப்புதல் கடிதம் வேண்டும். இந்து விண்ணப்பதாரர்களுக்கு இழுபறி ஆவது இங்கேதான்: ஒரே தலைமைப்பீடம் இல்லாததால் யாரிடம் கேட்பது என்பதே தெளிவாக இருக்காது. எந்த அமைப்பின் கடிதத்தை ஏற்பார்கள் என்று சான்றளிப்போரிடம் படிப்பின் முதலாண்டிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சி.பி.இ. பயிற்சியின் முதுகெலும்பு ‘வெர்பேட்டிம்’: ஒரு சந்திப்பை வரிக்கு வரி நினைவிலிருந்து எழுதிக் குழுவில் வைப்பது. அறைக்குள் குறிப்பு எடுக்காதீர்கள். வெளியே வந்ததும் முக்கியச் சொற்களை மட்டும் கிறுக்கி வைத்து, அன்றைக்கே முழுதாக எழுதுங்கள். பெயரையும் அடையாளங்களையும் மாற்றுங்கள். நோயாளி பேசியதை நோ1, நோ2 என்றும் சாப்ளெய்ன் பேசியதைச் சா1, சா2 என்றும் எண்ணிடுங்கள். மௌனத்தையும், யார் எங்கே பார்த்தார்கள் என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேருங்கள்.

நோ3: மகளிடம் இன்னும் சொல்லல. (ஜன்னல் பக்கம் திரும்புகிறார்)
சா3: கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்.

புதியவர்களின் தாளில் சா3 இப்படித்தான் இருக்கும். அதோடு பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் அந்த ஆறுதல் சொன்னவருக்குத்தான் தேவைப்பட்டது. “அவளிடம் என்ன சொல்லணும்னு இருக்கு?” என்று கேட்டிருந்தால் நோ4 வந்திருக்கும். சிலர் எழுதும்போது தங்கள் வரியை மட்டும் மெருகேற்றுவார்கள். நோயாளியின் அடுத்த பதில் அதோடு ஒட்டாமல் நிற்பதால் மேற்பார்வையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஊர்கூடும் சடங்கு பிடித்தவர்கள் ‘ஓப்பன் டயலாக்’ என்ற மனநலச் சிகிச்சை முறையின் பக்கம் பார்க்கலாம். 1980-களில் பின்லாந்தின் டோர்னியோவில், கெரொபுதாஸ் மருத்துவமனையில் உருவான முறை இது. நெருக்கடி என்று தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியையும் குடும்பத்தையும் அவர்கள் விரும்பும் நண்பர்களையும் ஒன்றாக உட்காரவைப்பார்கள். பணியாளர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவதும் அவர்கள் முன்னாலேயே. தாழ்வாரத்தில் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு உள்ளே நுழைவதுதான் பெரிய தவறு; குடும்பம் அதை மோப்பம் பிடித்து வாயை மூடிக்கொள்ளும். செவிலியர், சமூகப் பணியாளர், உளவியலாளர் ஆகியோர் தங்கள் தகுதிக்கு மேல் கூடுதலாகப் படிப்பது இது. நேரடி நுழைவு எதிர்பார்க்க வேண்டாம்.

அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில், சைலோசைபின் என்ற காளான் மயக்கப்பொருளை உட்கொள்பவரோடு அமர்வில் உடனிருக்கும் துணையாளர் உரிமமும் இருக்கிறது: 2020-இல் வாக்கெடுப்பு, 2023-இல் சேவை தொடக்கம். வயது 21, பள்ளி இறுதிச் சான்று, 120 மணி நேரப் பாடம், 40 மணி நேரச் செய்முறை, தேர்வு. இந்த உரிமத்தை வைத்து நோய் கண்டறியவோ சிகிச்சை தரவோ கூடாது. ஃபெடரல் சட்டத்தில் அந்தப் பொருள் இன்றும் தடைசெய்யப்பட்டது. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பயிற்சிக்குப் பணம் கட்டக் கூடாது.

வார இறுதிப் பயிலரங்குகள் தரும் ‘ஷாமன்’ சான்றிதழை வைத்து மேலே சொன்ன எந்தப் பணியிலும் சேர முடியாது. சாப்ளெய்ன் பாதை ஒத்துவருமா என்று பார்க்க, பகுதிநேரமாக ஒரே ஒரு யூனிட் எடுத்துப் பாருங்கள். பின்னால் தொடர்ந்தால் அதுவும் நான்கில் ஒன்றாகக் கணக்கில் சேரும்.